குறுவட்டப் போட்டி: யார் எங்கே நிற்பது, யார் யாரிடம் பேசுவது?

#1 கோட்டுச்சுண்ணாம்பு

வணக்கம். இந்த ஆண்டு குறுவட்டப் போட்டிகளை (அக்கம்பக்கத்துப் பள்ளிகள் மோதும் முதல் கட்டப் போட்டிகள்) நடத்தும் பொறுப்பு எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு வந்திருக்கிறது. 14, 17, 19 வயதுக்குட்பட்டோர், மாணவர் மாணவியர் இரு பிரிவும் உண்டு. முதலில் கபடி, பிறகு தடகளம். மைதானத்துக்கு மூன்று பக்கம்தான் மதில். நாலாவது பக்கம் ஊர்ப்பாதை.

வருகிற எல்லாருக்கும் பொதுவாக நடத்தை விதிகளை ஒரே தாளில் எழுதித் தரும்படி தலைமையாசிரியர் கேட்கிறார். "விளையாட்டு உணர்வோடு நடந்துகொள்ளவும், நடுவர் தீர்ப்பே இறுதியானது" என்று எல்லா அழைப்பிதழிலும் போடுகிறோம். அந்த வரிகளால் ஒரு தகராறும் நிற்பதில்லை. யார் எதைச் செய்யக் கூடாது, செய்தால் என்ன ஆகும் என்று அதில் இல்லையே. கபடியில் பாடி (ரைடு) வரும் பையனுக்கு ஆசிரியர் வெளியிலிருந்து குரல் கொடுக்கலாமா, பெற்றோரை எதுவரை விடுவது, ஆட்சேபனையை யாரிடம் எப்படிக் கொடுப்பது என்கிற மாதிரியான விவரங்கள்தான் எனக்கு வேண்டும். அனுபவமுள்ளவர்கள் எழுதுங்கள்.

#2 நடுக்கோடு (கபடி நடுவர்)

சார், தாளை எழுதுவதற்கு முன் கயிற்றைக் கட்டுங்கள். கபடியில் வரும் சண்டையில் பெரும்பங்கு எல்லைக்கோட்டை ஒட்டிக் கூட்டம் நிற்பதால் வருவது. கோட்டோரம் நடந்த பிடியில் கால் வெளியே போனதா என்று நடுவர் பார்ப்பதற்குள் பத்துப் பேர் பத்து விதமாகக் கத்துவார்கள். நாலு பக்கமும் கோட்டிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளிக் கயிறு போடுங்கள். பிடிபட்ட பையன் தூக்கி எறியப்பட்டால் விழுவதற்கும் அந்த இடம் வேண்டும். கயிற்றுக்குள்ளே நடுவர் ஒருவர், துணை நடுவர் இருவர், புள்ளி குறிப்பவர், அவருடைய உதவியாளர் இருவர், இரு அணிகளின் மாற்று வீரர்கள், அணிக்கு ஓர் ஆசிரியர் மட்டும். வேறு யாருக்கும் உள்ளே வேலை இல்லை. பரிசு கொடுக்க வந்த ஊர்ப் பெரியவருக்கும் நாற்காலி கயிற்றுக்கு வெளியேதான்.

ஆட்டத்துக்கு 15 நிமிடம் முன்னால் இரு அணித் தலைவர்களையும் ஆசிரியர்களையும் ஒன்றாக நிறுத்தி 5 நிமிடம் பேசிவிட வேண்டும். அப்போதே வீரர்களை வரிசையில் நிறுத்திச் சோதனை. நகம் ஒட்ட வெட்டியிருக்கிறதா, உடம்பில் எண்ணெயோ தைலமோ தடவியிருக்கிறதா, மோதிரம், செயின், காப்பு, கம்மல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நகவெட்டி ஒன்று மேசையில் இருக்கட்டும். தசைவலிக்குத் தைலம் தேய்த்துவிட்டு வந்திருந்தால் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள், துடைத்தால் மட்டும் வழுக்கல் போகாது. இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டுப் பாதி ஆட்டத்தில் "அவன் எண்ணெய் தடவியிருக்கான்" என்று புகார் வந்தால் அதைத் தீர்க்க வழியே இருக்காது.

வீரர்கள் அறிய வேண்டியவை: வாயைப் பொத்துவது, கழுத்தை நெரிப்பது, இரண்டு காலாலும் கத்தரி போட்டு மடக்குவது, பாடி வந்தவரை வேண்டுமென்றே எல்லைக்கு வெளியே தள்ளுவது எல்லாம் தப்பாட்டம். பச்சை அட்டை எச்சரிக்கை, மஞ்சள் அட்டை 2 நிமிடம் வெளியே, சிவப்பு அட்டை அந்த ஆட்டம் முழுக்க வெளியே. இதைப் பள்ளியில் பயிற்சியின்போதே அட்டை காட்டிப் பழக்கினால் களத்தில் அட்டையைப் பார்த்து அதிர்ச்சியாகி நடுவரிடம் பாயமாட்டார்கள்.

நடுவரிடம் பேசும் உரிமை அணித் தலைவருக்கு மட்டும். கேட்பதும் "சார், எதுக்குப் புள்ளி?" என்ற அளவில் இருக்கட்டும். நடுவரும் காரணத்தை ஒரே வரியில், சைகையோடு சொல்லிவிட வேண்டும். காரணம் சொல்லாத நடுவரும் தகராறுக்குப் பொறுப்பாளிதான். எங்கள் தரப்பில் இதைப் பலர் ஒப்புக்கொள்வதில்லை, ஆனால் அதுதான் உண்மை.

#3 கடைசி பெஞ்சு அப்பா

பெற்றோர் தரப்பில் ஒரு சந்தேகம். பாடிப் போகிற பையனுக்கு "போனஸ் எடு", "திரும்பு" என்று வெளியிலிருந்து சொல்வதில் என்ன தவறு? எல்லா ஊரிலும் நடக்கிறதே.

#4 நடுக்கோடு

பாடிப் போகும் வீரரை அவருடைய அணியைச் சேர்ந்தவர் எச்சரித்தாலோ அவருக்கு யோசனை சொன்னாலோ எதிரணிக்கு ஒரு புள்ளி கொடுக்க விதி இருக்கிறது ஐயா. குறுவட்டத்தில் பல நடுவர்கள் கொடுப்பதில்லை. அதனால் பழகிவிட்டது. அதே அணி மாவட்டத்துக்குப் போய், அங்கே நடுவர் புள்ளி கொடுத்ததும் "இங்க மட்டும் என்ன புது விதி?" என்று கேட்கிறது.

ஆசிரியர் பேசுவதற்கு இடம் இருக்கிறது. ஒவ்வொரு பாதியிலும் அணிக்கு 30 விநாடி இடைவேளை இரண்டு முறை கிடைக்கும். பாதி முடிந்து 5 நிமிடம் கிடைக்கும். அதற்குள் சொல்ல முடியாததைக் கத்திச் சொன்னாலும் பையன் காதில் ஏறாது. பெற்றோர் கைதட்டலாம், பெயர் சொல்லி உற்சாகப்படுத்தலாம், எதிரணியின் நல்ல பிடிக்கும் தட்டலாம். எதிரணிப் பிள்ளையின் பெயரையோ ஊரையோ நிறத்தையோ சொல்லிக் கத்தினால் அந்தப் பள்ளியின் ஆசிரியர்தான் போய் அவரை அழைத்துக்கொண்டு வெளியேற வேண்டும். நடுவர் கூட்டத்தோடு பேசப் போகக் கூடாது, போனால் ஆட்டம் அவர் கையை விட்டுப் போய்விடும்.

#5 கடைசி பெஞ்சு அப்பா

சரி, புரிகிறது. பெற்றோர் ஏன் கொதிக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடம், அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு என்றெல்லாம் கேள்விப்பட்டுதான் வருகிறார்கள். ஒரு தவறான விசிலில் அது போச்சு என்று நினைக்கிறார்கள்.

#6 மாலைப் பயிற்சி (உடற்கல்வி இயக்குநர்)

அந்தக் கொதிப்பை முன்கூட்டியே தணிப்பது பள்ளியின் வேலை. குறுவட்ட வெற்றி அடுத்த கட்டத்துக்குப் போகும் வாசல். அந்த ஒதுக்கீடுகளுக்கு எடுபடுவது அதற்கு மேலே வெகுதூரம் போய் வாங்கும் சான்றிதழ்கள். எந்தச் சான்று எதற்கு உதவும் என்று ஆண்டுத் தொடக்கத்தில் பெற்றோரைக் கூட்டி அரைமணி நேரம் விளக்கினால் போதும்.

இப்போது எங்கள் ஆட்களைப் பற்றி. பயிற்றுவிக்கும் ஆசிரியர் ஆட்டத்தில் எழுந்து நின்று நடுவரைத் திட்டினால் பின்னால் இருக்கும் 40 மாணவரும் திட்டுவார்கள். பெற்றோருக்குத் தாள் கொடுப்பதற்கு முன் ஆசிரியர்களுக்குக் கொடுங்கள். அதில் கட்டாயம் இருக்க வேண்டியவை என்று நான் நினைப்பது:

தோற்ற பிள்ளையை எல்லார் முன்னும் அடிப்பது, முட்டி போட வைப்பது, மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவது கூடாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. மைதானம் பள்ளிக்கு வெளியே இருக்கிறது என்பதால் அது மாறாது. அடிபட்ட பிள்ளையை "ஒரு ரைடு மட்டும்" என்று உள்ளே தள்ளக் கூடாது. மாற்று வீரர் ஐந்து பேரை அழைத்துப் போய்விட்டு ஒருவரையும் இறக்காமல் திரும்புவது விதிப்படி தவறில்லை. ஆனால் ஆட்டம் 20 புள்ளி வித்தியாசத்தில் போகும்போது அவர்களை இறக்காவிட்டால் அடுத்த ஆண்டு அவர்கள் பயிற்சிக்கு வரமாட்டார்கள்.

வயது விஷயத்தில் கண்ணை மூடிக்கொள்வது பெரிய குற்றம். 17 வயதுக்குட்பட்டோர் பிரிவில் 19 வயதுப் பையனை இறக்கினால் சான்றிதழ் மோசடி ஒருபுறம் இருக்கட்டும், எதிரே நிற்கும் 50 கிலோப் பையனின் தோள்பட்டை என்ன ஆகும்? பிறப்புச் சான்றிதழ், கல்வித்துறை இணையத்தில் உள்ள மாணவர் எண், தலைமையாசிரியர் கையொப்பமிட்ட புகைப்படப் படிவம் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று போட்டிக்கு முந்தின நாளே பாருங்கள். களத்தில் சந்தேகம் வந்தால் பையனைச் சுற்றி நின்று "மீசையைப் பார்" என்று கேலி செய்வது கூடாது. பிள்ளைக்கு அதில் பங்கில்லை, தாளில் கையெழுத்துப் போட்ட பெரியவர்களுக்குத்தான் பங்கு.

#7 கோட்டுச்சுண்ணாம்பு

நன்றி சார். ஆசிரியர்கள் பற்றாக்குறை. எங்கள் பள்ளி ஆட்டத்துக்கு எங்கள் பள்ளி ஆசிரியரே நடுவராக நிற்க வேண்டிய நிலை வரும் போலிருக்கிறது.

#8 நடுக்கோடு

வேண்டாம். நேர்மையாகவே ஊதினாலும் நம்பமாட்டார்கள். அட்டவணையைப் போடும்போதே நடுவர் பெயரையும் அதே தாளில் போட்டு, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அந்த இரண்டு பள்ளியையும் சேராதவராகப் பாருங்கள். ஆள் போதவில்லை என்றால் இரண்டு களத்தில் ஒரே நேரத்தில் நடத்துவதை விட்டு ஒரே களத்தில் நடத்துங்கள். 14 வயதுப் பிரிவைக் காலையில் முதலில் முடித்துவிட்டால் நடுவர்கள் களைப்பதற்குள் முக்கிய ஆட்டங்கள் வந்துவிடும்.

#9 ஓடுபாதை (தடகள அலுவலர்)

தடகளத்தில் வார்த்தைத் தகராறு குறைவு, உயிராபத்து அதிகம். அதனால் இதை முதலில் எழுதுகிறேன். 2019 அக்டோபரில் கேரளத்தின் பாலாவில் மாநில ஜூனியர் தடகளப் போட்டி நடந்தபோது, ஈட்டி எடுத்துக்கொடுக்கும் வேலையில் நின்ற பதினொன்றாம் வகுப்பு மாணவர் தலையில் சம்மட்டிக் குண்டு பட்டுச் சில நாள் கழித்து இறந்துபோனார். ஈட்டி எறிதலும் சம்மட்டி எறிதலும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே நேரத்தில் நடந்தன. நம் குறுவட்டங்களிலும் நேரத்தை மிச்சம் பிடிக்க இப்படித்தான் செய்கிறோம்.

ஒரு நேரத்தில் ஒரே எறிதல் போட்டி. விழும் பகுதியின் கோணம் ஈட்டிக்கு சுமார் 29 பாகை, குண்டுக்கும் வட்டுக்கும் சுமார் 35 பாகை. அந்தக் கோட்டுக்கு வெளியேயும் நல்ல இடம் விட்டுக் கயிறு கட்ட வேண்டும், வட்டு வழுக்கினால் கோட்டை மதிக்காது. ஊர்ப்பாதைப் பக்கம் பார்த்து எறியும்படி எக்காரணம் கொண்டும் அமைக்காதீர்கள். எறிந்ததை எடுக்கப் போகும் ஜேஆர்சி (இளஞ்செஞ்சிலுவைச் சங்கம்), சாரணர் மாணவர்கள் எறிபவருக்கு முதுகு காட்டி நடக்கக் கூடாது. அலுவலர் கொடி காட்டிய பிறகே உள்ளே போக வேண்டும். ஈட்டியைக் கையில் எடுத்து, முனை தரையைப் பார்க்க, செங்குத்தாகப் பிடித்து நடந்து வர வேண்டும். திருப்பி எறியவே கூடாது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை இந்த வேலைக்கு விடாதீர்கள். இது நடத்துகிறவர்களுக்கான நடத்தை விதி, உங்கள் தாளில் முதல் வரியாக இருக்க வேண்டும்.

ஓட்டத்தில் அடிக்கடி காண்பது, 800, 1500 மீட்டரில் தன் பிள்ளையோடு உள்வட்டத்தில் கூடவே ஓடும் ஆசிரியரும் அண்ணனும். அது வேகம் காட்டி உதவுவதில் சேரும், பிள்ளையைத் தகுதி நீக்கம் வரை கொண்டுபோகும். வெளியே தன் இடத்தில் நின்று நேரத்தைச் சொல்லலாம், "தோளைத் தளர்த்து" என்று சொல்லலாம், அது தடையில்லை. ஓடுபவர் கைப்பேசியோ காதொலிப்பானோ போட்டிப் பகுதிக்குள் கொண்டு வரக் கூடாது. போட்டிக்கு முன் ஓடுபவர்களைக் கூட்டிச் சரிபார்க்கும் அழைப்பு அறையிலேயே வாங்கி, பெயரெழுதிய உறையில் வைத்துவிடுங்கள்.

நீளம் தாண்டுதலில் அலுவலர் சிவப்புக் கொடி காட்டியதும் பின்னால் இருப்பவர் மணலைச் சமப்படுத்திவிடுகிறார். தாண்டியவர் அந்த இடத்திலேயே வாய்மொழியாக ஆட்சேபித்தால், அளந்து குறித்துவைத்துவிட்டுப் பிறகு முடிவெடுக்க விதியில் இடமுண்டு. மணலைக் கிளறிவிட்டால் அளக்க எதுவுமில்லை. தாண்டியவர் குழியை விட்டு வெளியே வந்து அலுவலர் முகத்தைப் பார்க்கும்வரை மணல்வாரியைத் தொடக் கூடாது என்று மணல் வேலைக்கு நிற்பவரிடம் சொல்லிவையுங்கள்.

#10 கோட்டுச்சுண்ணாம்பு

மற்ற ஆட்சேபனைகள்? போன தடவை வேறொரு இடத்தில் பரிசளிப்பு முடிந்து மேடை பிரித்த பிறகு மனு வந்ததாகச் சொன்னார்கள்.

#11 ஓடுபாதை

தடகளத்தில் முடிவு அறிவித்த 30 நிமிடத்துக்குள் வர வேண்டும். முதலில் அந்தப் போட்டியின் நடுவரிடம் வாய்மொழியாக. அவர் முடிவு ஏற்கவில்லை என்றால் அடுத்த 30 நிமிடத்துக்குள் எழுத்தில் முறையீட்டுக் குழுவுக்கு. குழுவில் மூன்று பேர், சம்பந்தப்பட்ட பள்ளிக்காரர் இருந்தால் விலகி மாற்றாள் அமர வேண்டும். குழுவின் பெயர்களைக் காலையிலேயே பலகையில் ஒட்டுங்கள். அறிவித்த நேரத்தை முடிவுத் தாளின் மேல் எழுதுவது முக்கியம், இல்லையென்றால் 30 நிமிடம் எப்போது தொடங்கியது என்றே அடுத்த தகராறு.

கபடிக்கும் இதே மாதிரி நேர வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். விசில் ஊதிய புள்ளிக்கு மனு கிடையாது, ஆள் தகுதி, புள்ளிக் கணக்குத் தவறு இரண்டுக்கு மட்டும் மனு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி மனு வராது. கைப்பேசிக் காணொளியை ஆதாரமாக ஏற்பதா என்பதையும் காலையிலேயே முடிவு செய்யுங்கள். நடுவில் ஒரு பள்ளிக்கு ஏற்று இன்னொன்றுக்கு மறுத்தால் பிறகு சமாதானம் சொல்ல முடியாது.

#12 மல்லிகைப்பந்தல் (ஆசிரியை, மாணவியர் அணிப் பொறுப்பு)

மாணவியர் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை. மாணவியர் அணியோடு ஓர் ஆசிரியை இல்லாமல் வந்தால் அணியைப் பதிவு செய்யக் கூடாது. அன்றைக்கு விடுப்பு, ஆள் இல்லை என்ற காரணங்களைக் கேட்டால் அடுத்த ஆண்டு யாரும் ஆசிரியையை அனுப்பமாட்டார்கள்.

உடை மாற்ற உள்தாழ்ப்பாள் உள்ள அறை, ஜன்னலுக்குத் திரை, பக்கத்திலேயே தண்ணீர் வரும் கழிவறை, நாப்கின், மூடிபோட்ட குப்பைத்தொட்டி. இவை இல்லாத இடத்தில் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே இருப்பார்கள். பதினொரு மணிக்கு மயங்கி விழுவதற்குக் காரணம் அதுதான், "பெண்பிள்ளைகளுக்குத் தெம்பில்லை" என்று சொல்வது அநியாயம். அறை வாசலில் ஓர் ஆசிரியை முழுநேரமும் இருக்கட்டும்.

தசைப்பிடிப்புக்கு நீவி விடுவது, காலை மடக்கி நீட்டுவது போன்றவற்றை ஆண் ஆசிரியர் செய்யக் கூடாது. ஆசிரியையோ அணித் தோழியோ செய்யலாம், ஆண் ஆசிரியர் பக்கத்தில் நின்று வழி சொல்லலாம். ஒரு மாணவியைத் தனியாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது, இரவில் தனியாகக் கைப்பேசிச் செய்தி அனுப்புவது எல்லாமே தடை. செய்தி அனுப்ப வேண்டுமென்றால் பெற்றோரும் ஆசிரியையும் இருக்கும் குழுவில் அனுப்பட்டும். மாணவர் அணிக்கும் இதே விதிதான், பையன்களுக்கு ஆபத்து இல்லை என்று நினைக்காதீர்கள்.

பாலியல் சீண்டல் புகார் ஏதாவது காதுக்கு வந்தால் "போட்டி முடியட்டும், நாமே பேசிக்கொள்ளலாம்" என்பது சட்டப்படியே குற்றம். போக்சோ சட்டத்தின் (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம்) 19ஆம் பிரிவு தெரிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்காமல் மறைத்தால் 21ஆம் பிரிவில் தண்டனை. குழந்தைகள் உதவி எண் 1098ஐயும் கல்வித்துறை உதவி எண் 14417ஐயும் மாணவியர் அறையின் உள்பக்கக் கதவில் ஒட்டுங்கள். வாசல் பலகையில் ஒட்டினால் தேவைப்படுகிற பிள்ளை அங்கே நின்று குறித்துக்கொள்ளாது.

இன்னொன்று, வெளியாள் படம் எடுப்பது. கபடிப் பிடியில் கிடக்கும் மாணவியரைப் படம் எடுத்துப் பாட்டுச் சேர்த்துப் பரப்புகிறார்கள். கழுத்தில் அட்டை தொங்கும் இரண்டு பேர் மட்டும் படம் எடுக்கலாம் என்று வையுங்கள். அதனால்தான் அந்த நாலாவது பக்கம் முக்கியம். மாணவியர் களத்தை ஊர்ப்பாதைக்கு எதிர்ப்பக்கம், கட்டடத்தை ஒட்டி அமையுங்கள்.

#13 தென்கரை

தென்மாவட்டத்துக்காரனாக ஒன்று சேர்க்கிறேன். கைக்கயிறு. சாதிக்கு ஒரு நிறம் என்று கட்டிக்கொண்டு வருகிறார்கள், பனியனில் ஊர்த் தலைவர் படம் வருகிறது, ரைடு ஜெயித்ததும் தொடை தட்டிவிட்டுக் கயிற்றைக் காட்டுகிறார்கள். அங்கிருந்து பள்ளிகளுக்கு இடையே ஆரம்பித்து ஊர்களுக்கு இடையே போகிறது. 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சாதிப் பகையால் வெட்டப்பட்ட சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் பள்ளியில் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொல்லியிருக்கிறது.

களத்தில் இதை நிறைவேற்றுவது சுலபம். கபடியில் கையில் எதுவும் இருக்கக் கூடாது என்பது காயம் தடுக்கும் விதி. எல்லாருக்கும் ஒன்றாகச் சொல்லுங்கள்: கோயில் கயிறு, நட்புக் கயிறு, எந்த நிறமானாலும் கழற்று. ஒருவனை மட்டும் பார்த்துக் கழற்றச் சொன்னால் அதுவே சண்டை. சீருடைப் பனியனில் பள்ளிப் பெயர், எண் தவிர எதுவும் வேண்டாம் என்று சுற்றறிக்கையிலேயே போட்டுவிடுங்கள், அன்றைக்குக் காலையில் சொன்னால் மாற்றுப் பனியனுக்கு எங்கே போவார்கள்? ஒலிபெருக்கியில் அணிகளைப் பள்ளிப் பெயரால் மட்டும் அழைக்க வேண்டும்.

#14 மாலைப் பயிற்சி

முழுக்க உடன்படுகிறேன். கூடவே, தோற்ற அணியும் ஜெயித்த அணியும் ஒரே வாசலில் ஒரே நேரத்தில் வெளியேறக் கூடாது. கைகொடுத்து முடித்ததும் தோற்ற அணி அரைமணி முன்னால் வண்டி ஏறட்டும். பட்டாசும் ஊர்வலமும் மைதானத்துக்குள்ளும் பேருந்து நிறுத்தத்திலும் கிடையாது.

#15 கட்டுப்பெட்டி (செவிலியர்)

அடிபட்டவரைப் பற்றி. தலையில் அடிபட்டு ஒரு நொடி நினைவு தப்பினாலும், "எந்தப் பாதி நடக்குது?" என்பதற்குக் குழம்பினாலும் அன்றைக்கு அவருக்கு ஆட்டம் முடிந்தது. அவரே "நல்லா இருக்கேன்" என்று சொன்னாலும் இறக்கக் கூடாது. முடிவு முதலுதவிக்காரருடையது, பயிற்சியாளருக்கும் அப்பாவுக்கும் அதில் பேச்சில்லை என்று தாளில் எழுதுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, தூக்கக் கலக்கம் இருந்தால் உடனே 108.

தோள் நழுவினால் மைதானத்தில் இழுத்துப் போடாதீர்கள், நரம்பும் இரத்தக்குழாயும் மாட்டும். இருக்கிற நிலையிலேயே தூளி கட்டி அனுப்புங்கள். மூக்கில் இரத்தம் வந்தால் தலையை முன்னால் சாய்த்து மூக்கின் மென்பகுதியை 10 நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும், அண்ணாந்து பார்க்கச் சொல்லக் கூடாது. ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம். ஓஆர்எஸ் பொட்டலத்தை 1 லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், சீக்கிரம் தெம்பு வரட்டும் என்று அரை லிட்டரில் கரைப்பது கெடுதல். ஒவ்வொரு அணி ஆசிரியர் பையிலும் பெற்றோர் எண், இரத்த வகை, ஆஸ்துமா, வலிப்பு, மருந்து ஒவ்வாமை எழுதிய பட்டியல் இருக்கட்டும். ஆம்புலன்ஸ் நுழையும் வாசலை அடைத்து வண்டி நிறுத்தாமல் பார்த்துக்கொள்ள ஒருவரை நிறுத்துங்கள்.

#16 கோட்டுச்சுண்ணாம்பு

எல்லாருக்கும் நன்றி. ஒரே தாள் என்ற எண்ணத்தை விடுகிறேன். ஆசிரியர், நடுவர், வீரர், பெற்றோர், தொண்டர் மாணவர் என்று ஐந்து அரைத்தாள். எப்போது கொடுப்பது நல்லது?

#17 மாலைப் பயிற்சி

ஒரு வாரம் முன்னால், அட்டவணையோடு சேர்த்துத் தலைமையாசிரியர்களுக்கு. சுற்றறிக்கை ஒரு மேசையில் தங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதை 2023இல் பார்த்தோம், தகவல் சேராமல் தேசியப் பள்ளி விளையாட்டுகளுக்கே தமிழக அணி போகவில்லை. அதனால் அனுப்பியதோடு விடாமல், ஒவ்வொரு பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரிடமும் "கிடைத்தது" என்று கையெழுத்தோ பதில் செய்தியோ வாங்குங்கள். பதில் வராத பள்ளிக்கு மூன்றாம் நாள் தொலைபேசியில் கூப்பிடுங்கள். பெற்றோருக்கான அரைத்தாளைப் பிள்ளை கையில் கொடுத்தனுப்பி, ஒப்புதல் படிவத்தின் பின்பக்கமே அச்சடியுங்கள். அந்தப் படிவம் கையெழுத்தோடு வந்தால்தான் பிள்ளை வண்டி ஏறும் என்பதால் ஒருமுறையாவது கண்ணில் படும்.